ரீல்ஸுக்கு முப்பது செகண்ட், ஓ.பி.க்கு ரெண்டு நிமிஷம்

1/
"சுகர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே சார், உண்மையா?"

கடந்த சில வருடங்களில் ஓ.பி.யில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டெங்கு சீசனில்கூட முதலிடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. இந்தக் கேள்வி எங்கிருந்து வருது, யார் எழுதிக் கொடுக்கறாங்க, நாங்க சொல்ற பதில் ஏன் ஒட்ட மாட்டேங்குது... இதைப் பத்தி ஒரு நீண்ட இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2/
நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மின் மாத்திரை கிட்னியைக் கெடுப்பதில்லை. வருடக்கணக்கில் கட்டுப்படாமல் ஓடும் சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கும். கண்ணையும், கால் நரம்பையும் சேர்த்தே கெடுக்கும்.

3/
அப்போ இந்தப் பேச்சு எப்படி வந்தது? மெட்ஃபார்மின் உடம்பிலிருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னி ஏற்கெனவே ரொம்பப் பலவீனமானவருக்கு மருந்து உடம்பில் தேங்கிவிடும் என்பதால் டாக்டர் அதைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன பார்க்கிறார்? "அவருக்குக் கிட்னி போச்சு. உடனே டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திட்டாரு. அப்போ மாத்திரைதான காரணம்?" முன்னது பின்னதாகி, பின்னது முன்னதாகிவிட்டது. வதந்திக்குப் பெரிய பொய்யெல்லாம் தேவையில்லை. ஒரு உண்மையைத் தலைகீழாகத் திருப்பினாலே போதும்.

4/
இதற்குள் ஒரு சந்தை இருக்கிறது. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். பெரியவர்களில் 11.4 சதவீதம். எனக்கு அது நோயாளிகளின் எண்ணிக்கை. பொடி விற்பவருக்கு அது வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை.

5/
ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்தப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில் ஷிப்ட் வேலை, மெஷின் ஆபரேட்டர். வயசு ஐம்பதை நெருங்குகிறது. எட்டு வருடமாகச் சுகர். மாத்திரைக்குக் காசில்லை என்ற பிரச்சினையே இல்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது.

6/
வாசல் வரைக்கும் வந்த மாத்திரையை நான்கு மாதமாக அவர் தொடவில்லை. வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். பதிலுக்கு மாதாமாதம் காசு கொடுத்து ஒரு பொடி. சேஃப்டி ஷூ உரசி வலது காலில் வந்த புண் வலிக்கவே இல்லையாம். வலிக்காததுதான் அங்கே ஆபத்தே. நரம்பு செத்த காலில் புண் வந்தால் கால் சொல்லாது, வாடைதான் சொல்லும். வரும்போது சுகர் 400-க்கு மேல். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

7/
"படிக்காதவங்க, ஏமாந்துட்டாங்க" என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: அவர் ஐ.டி.ஐ. முடித்தவர். மைக்ரோமீட்டர் வைத்து மைக்ரான் கணக்கில் அளவு பார்ப்பவர். கண்ணால் பார்த்து அளவு சொன்னால் ஒத்துக்கொள்ளாத ஆள். அப்பேர்ப்பட்டவரை முப்பது செகண்ட் ரீல்ஸ் ஒன்று எப்படித் திருப்பியது? எனக்கு அதுதான் புரியவில்லை. "அந்த வீடியோவைக் காட்டுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

8/
பார்த்தபின் அதை ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அவர் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர். அதாவது விளம்பரத்துக்கு வாசகம் எழுதுபவர். கம்பெனி, மாதச் சம்பளம், பி.எஃப். எதுவும் கிடையாது. வேலைக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக் கொடுப்பார். ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்தில் ஏஜென்சி வேலை. இப்போது திருநின்றவூரில் வாடகை வீடு, ஒரு லேப்டாப். "சிட்டியில அந்த வாடகைக்கு ஒரு ரூம்தான் கிடைக்கும். இங்க மாடியோட வீடே கிடைக்குது டாக்டர்" என்பார்.

9/
எனக்கு அவர் நோயாளியாகத்தான் அறிமுகம். கழுத்து வலி, தூக்கமின்மை, முப்பத்தாறு வயதில் பி.பி. 150/100. "எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?"ன்னு கேட்டேன். சிரித்தார். "போன வாரம் ஒரு மெத்தை கம்பெனிக்கு 'நிம்மதியா தூங்குங்க'ன்னு பதினாறு கேப்ஷன் எழுதினேன் டாக்டர். முடிக்கும்போது நைட்டு ரெண்டரை."

10/
அவரிடம் பேசிப் பேசித்தான் அந்தத் தொழில் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. நம் ஊர் மனை விளம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்.' எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று இருக்காது. 'ஏரிக் காற்று தவழும் இல்லங்கள்.' சித்திரையில் அது சரி. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் காற்று மட்டுமா வரும்? தண்ணியும் சேர்ந்து உள்ளே வரும். பின்னாடியே காய்ச்சலும் சேற்றுப்புண்ணுமாக அந்தத் தெரு எங்கள் ஓ.பி.க்கு வரும். "நாங்க பொய் எழுதறதில்ல டாக்டர். எந்த மாசத்துல எழுதறோம்ங்கறதை மட்டும் சொல்ல மாட்டோம்" என்றார்.

11/
சரி, அந்த ரீல்ஸ். அவர் அதை நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டினார்.

முதல் வாக்கியம்: "உங்களுக்குச் சுகர் வந்தது உங்க தப்பு இல்லை."
இரண்டாவது: "நீங்க சாப்பிடற மாத்திரைதான் உங்களைக் கொல்லுது."
மூன்றாவது: "காலையில ஒரே ஒரு ஸ்பூன் போதும்."
நான்காவது: "இன்னைக்கு மட்டும் பாதி விலை."

12/
"முதல் வரியில மனசுல இருக்குற பாரத்தை இறக்கிட்டான். ரெண்டாவதுல ஒரு எதிரியைக் காட்டிட்டான். மூணாவதுல ஒரே ஒரு வேலை, அதுவும் சுலபமான வேலை கொடுத்துட்டான். நாலாவதுல யோசிக்க டைம் கொடுக்கல. இப்போ நீங்க ஓ.பி.யில என்ன சொல்வீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

13/
சொன்னேன். சோறு குறைங்க, ஸ்வீட் தொடாதீங்க, தினம் முக்கால் மணி நேரம் நடங்க, மாத்திரையை விடாதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுங்க.

"அஞ்சு வேலை. அஞ்சுமே கஷ்டம். நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவருக்கு நடக்க எங்க டைம்? எதுக்குமே 'பாதி விலை' கிடையாது. கேட்டு முடிச்சதும் அந்த ஆளுக்கு எல்லாம் தன் தப்புன்னுதான் தோணும்" என்றார்.

மருத்துவமாக அந்த ஐந்தில் எதையும் விட முடியாது. ஆனால் காலை ஓ.பி.யில் வரிசை கதவைத் தாண்டி நிற்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது ரெண்டு நிமிஷம். ரீல்ஸ் ராத்திரி படுக்கையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும்.

14/
இங்கே ஒரு 'ஆனால்' சொல்லியாக வேண்டும். சுகர் திரும்பிப் போகவே போகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2017-ல் பிரிட்டனில் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் கடுமையாக எடை குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலைக்கு வந்தார்கள். அதில் எந்தப் பொடியும் கிடையாது. எடை குறைந்ததுதான் விஷயம். அதன் பிறகும் அவர்களுக்குத் தொடர்ந்து டெஸ்ட் வேண்டும். பாருங்க, உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனை வரி ஆகுது! ரீல்ஸ்காரர் அதே ஆய்வில் 'ரிவர்சல்' என்ற ஒரு சொல்லை மட்டும் உருவிக்கொண்டு போய் டப்பாவில் ஒட்டிவிட்டார்.

15/
விளம்பர மொழியே பாவம் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டுப் பொது சுகாதாரமே அதில்தான் கொஞ்சம் நடந்திருக்கிறது. 1960-களில் அரசாங்கம் மலிவு விலையில் ஆணுறை கொண்டுவர நினைத்தபோது முதலில் யோசித்த பெயர் என்ன தெரியுமா? 'காமராஜ்'. மன்மதனைக் குறிக்கும் பெயர் என்று வைக்கப் பார்த்திருக்கிறார்கள். அப்போது காங்கிரஸ் தலைவர் யார்? நம்ம கர்மவீரர். பெயர் கைவிடப்பட்டது. கடைசியில் வந்ததுதான் 'நிரோத்'.

16/
1968-ல் அது கடைக்கு வந்தபோது ஒன்று 5 பைசா. விற்றது யார் என்று நினைக்கிறீர்கள்? ஹிந்துஸ்தான் லீவர், புரூக் பாண்ட், லிப்டன், ஐ.டி.சி. மாதிரி கம்பெனிகள். சோப்பும் டீத்தூளும் சிகரெட்டும் எந்தக் கடைக்கெல்லாம் போகுமோ அந்தக் கடைக்கெல்லாம் இதுவும் போகட்டும் என்ற யோசனை. மேலே ஒரு சிவப்பு முக்கோணம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். 'நாம் இருவர், நமக்கு இருவர்' சுவரெழுத்தைப் பார்க்காமல் நம் அப்பா அம்மா தலைமுறை வளர்ந்திருக்க முடியாது. 2019-21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. பெண்கள் படித்ததும், ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதும், குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும்தான் பெரிய காரணங்கள். ஆனால் அந்த நாலு வார்த்தைக்கும் ஒரு பங்கு உண்டு.

17/
என் வயசுக்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் இருக்கும். 2003 வாக்கில் திடீரென்று பஸ்ஸிலும் போர்டிலும் ஒரு கேள்வி: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே பேசியது. நான் அப்போது ஏழாவதோ எட்டாவதோ. மும்பையில் அதற்குக் கொஞ்சம் முன்னால் இதே பாணியில் 'பல்பீர் பாஷா' என்ற பெயரில் ஓடியது.

18/
இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில், 1986-ல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும், மாதிரிகளைச் சேகரித்த அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த வேலை அது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக வாயைத் திறந்து பேசக் கூச்சப்பட்ட ஒரு விஷயத்தை ஒரே கேள்வி டீக்கடைக்குக் கொண்டுவந்தது. காப்பிரைட்டிங்கின் பலம் அது.

19/
பக்க விளைவும் இருந்தது. எங்க ஸ்கூலில் 'புள்ளிராஜா' என்பது திட்டும் வார்த்தையாகிவிட்டது. எய்ட்ஸ் வந்தவன் ஒழுக்கம் கெட்டவன் என்று ஒரு முத்திரை. கணவனிடமிருந்து நோய் வாங்கிய பெண்ணும், பிறக்கும்போதே நோயோடு பிறந்த பிள்ளையும் அந்த முத்திரையைச் சுமந்தார்கள். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட இடங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெட்கத்தைத் தாண்டி அந்த வாசலுக்கு வருவதே பலருக்குப் பெரும்பாடு. நல்ல நோக்கத்தில் எழுதிய வாசகத்துக்கும் டோஸ் இருக்கிறது.

20/
அடுத்து, வெறும் மூன்று எழுத்துக்கு நடந்த சண்டை. ஓ.ஆர்.எஸ்.

வயிற்றுப்போக்கில் குழந்தையைக் காப்பாற்றும் உப்பு-சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்ற குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரம்மில் இந்தக் கரைசலைக் கலந்து வாய்வழியாகக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

21/
அந்த மூன்று எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை. அதைப் பெயரில் சேர்த்துக்கொண்டு, கலர் டப்பாவில், மெடிக்கல் ஷாப் அலமாரியிலேயே பழரச பானங்கள் வந்தன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு. வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு அதிகச் சர்க்கரை கொடுத்தால் அது குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். போக்கு கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம், உரிய கலவை இல்லாத எந்தப் பானமும் பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு டாக்டர் மூணு எழுத்துக்காக இத்தனை வருஷம் அலைஞ்சிருக்காங்க. எழுத்து அவ்வளவு முக்கியம்.

22/
'ஹெல்த் டிரிங்க்' கதையும் இதேதான். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாட்டில் மால்ட் பவுடர் வாங்கிக்கொண்டு போவது நம்மூர் மரியாதை. நமது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளிடம் அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பானங்களை எடுக்கச் சொன்னது. அதே மாதம் ஹார்லிக்ஸின் உரிமையாளரான ஹிந்துஸ்தான் யூனிலீவரும் தன் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. உள்ளே இருக்கும் பவுடர் அதே பவுடர்தான்.

23/
சட்டம் இல்லையா? இருக்கு. 1954-லேயே வந்த மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம். சர்க்கரை நோய், புற்றுநோய், ஆண்மைக் குறைவு, உயரம் கூட்டுவது என்று ஒரு பட்டியலே போட்டு, இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. எழுபது வருடம் ஆகிறது. அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் ஃபோனில் வரும் ரீல்ஸைப் பாருங்கள். பட்டியலையே பார்த்து எழுதின மாதிரி இருக்கும்.

24/
பதஞ்சலி விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் 2022-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் கொடுத்தது. அப்போது நீதிபதிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் விளம்பரம் என்ன சைஸோ, மன்னிப்பும் அதே சைஸா? எனக்குப் பிடித்த கேள்வி அது. நம்ம நண்பரிடம் சொன்னபோது, "கோர்ட்டுக்கே ஃபான்ட் சைஸ் புரிஞ்சிருக்கு டாக்டர்" என்றார்.

25/
எங்கள் பக்கம் விதி எப்படி? டாக்டர் தனக்கு விளம்பரம் செய்வது 2002 மருத்துவ நெறிமுறைகளின்படி தவறு. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புது விதிகளில், டாக்டர்கள் லைக், ஃபாலோயர் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்றுகூட இருந்தது. அதே மாதம் அந்த விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. டாக்டருக்கு வாய்ப்பூட்டு வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் வெள்ளைக் கோட்டு வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு பேசும் நடிகருக்கு எந்தக் கவுன்சிலும் இல்லை.

26/
இப்போது நண்பரின் கதைக்கு வருகிறேன். அவருக்குப் போன வருடம் நல்ல வருடம் இல்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் "இனிமே ஏ.ஐ.ல எழுதிக்கறோம், நீங்க கரெக்ஷன் மட்டும் பாருங்க" என்று கூலியைக் கால்வாசி ஆக்கிவிட்டார்கள். இன்னொருவர் மூன்று மாதமாகப் பாக்கி. அந்த நேரத்தில் ஒரு வேலை வந்தது. சுகர் பொடி. பதினைந்து ரீல்ஸ் ஸ்கிரிப்ட், பாதிப் பணம் முன்கூட்டியே. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாசம்.

27/
"என்ன பண்ணட்டும் டாக்டர்?" என்று கேட்டார். அரசுச் சம்பளம் மாதம் தவறாமல் வாங்கும் நான், அவருக்கு அறம் போதிப்பது சுலபம். அதனால் எதுவும் சொல்லவில்லை. அந்த மெஷின் ஆபரேட்டரை எனக்கு எதற்காக இவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். காலில் கட்டோடு படுத்திருந்தபோது அவர் கேட்டது: "ஷூ போட முடியுமா சார்? ஷூ போடாம ஷாப்புக்குள்ள விட மாட்டாங்க."

28/
நண்பர் வேலையை எடுக்கவில்லை. ஃபீஸுக்கு நகை அடகுக்குப் போனது. இங்கே கதை இனிப்பாக முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பொடியின் ரீல்ஸ் வந்துவிட்டது. வேறு யாரோ எழுதியது. முதல் வரி: "உங்களுக்குச் சுகர் வந்தது உங்க தப்பு இல்லை." லிங்கை அனுப்பிவிட்டுக் கீழே எழுதினார்: "என்னைவிட நல்லாவே எழுதியிருக்கான்."

29/
அன்றைக்கு அவருக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். சம்பளம் கிடையாது. "எங்க ஓ.பி. சுவத்துக்கு ஒரு வாசகம். சுகர் மாத்திரையைப் பத்தி. பயமுறுத்தக் கூடாது. திட்டக் கூடாது. பொய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது."

"அப்புறம் எதை வெச்சு எழுதறது?" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். மெத்தைக்குப் பதினாறு கேப்ஷனை ஒரே ராத்திரியில் எழுதியவர்.

30/
வந்தது இதுதான்:

'மாத்திரை கிட்னியைக் கெடுக்காது.
கட்டுப்படாத சுகர்தான் கெடுக்கும்.
நிறுத்தணும்னு தோணினா, நிறுத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட கேளுங்க.'

எங்க ஸ்டாஃப் நர்ஸ் அக்கா படித்துவிட்டு, "இதுல கடைசி வரிதான் சார் நல்லாருக்கு. அதைப் பெருசாப் போடுங்க" என்றார். போட்டோம். ஏ4 பேப்பர், கறுப்பு மை, செலோ டேப். பட்ஜெட் அவ்ளோதான்.

31/
என்ன ஆச்சு? புள்ளிவிவரமெல்லாம் என்னிடம் இல்லை. ஆனால் மேசைக்கு முன்னால் உட்காரும்போதே, "சார், நானும் நடுவுல ஒரு மாசம் நிறுத்திட்டேன்" என்று தானாகச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். அதைச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தியது தெரியாமல் சுகர் ஏறியிருப்பதை மட்டும் பார்த்தால், டாக்டர் மாத்திரை அளவைத்தான் கூட்டுவார். அதனால் இந்த ஒரு வரி ஒப்புதல் மருத்துவத்தையே மாற்றிவிடும்.

32/
நம்ம ஊரைப் பற்றி ஒன்று. திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயில் கதை பலருக்குத் தெரியும். கோயில் கட்டக் கையில் காசில்லாத பூசலார், கல் கல்லாக மனசுக்குள்ளேயே கட்டி முடித்தார். அதே நாளில் பல்லவ அரசன் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். சிவன் அரசனின் கனவில் வந்து, "நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், உன் விழாவை வேற நாளைக்கு வை" என்றாராம். அரசன் இந்த ஊருக்கு வந்து தேடினால் அப்படி ஒரு கோயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. போர்டு இல்லை, பேனர் இல்லை, ஒரு நோட்டீஸ்கூட இல்லை. நண்பருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "எங்க தொழிலுக்கே ஆகாத கதை டாக்டர்" என்பார்.

33/
இன்று இதய நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொள்ளும் கோயில் அது. தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், மனசுக்குத் தெம்பு வேண்டும். ஒரே ஒரு வரிசை மட்டும் மாறக் கூடாது. நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, குப்பென்று வியர்வை என்றால் முதலில் 108. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். கேஸ் ட்ரபிள் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். தேங்காய் உடைப்பது பிழைத்து வந்தபின்.

34/
கடைசியாக, நண்பர் சொல்லிக்கொடுத்த சில வார்த்தைகள். விளம்பரத்தில் இவை வந்தால் விரலை நிறுத்துங்கள்.

'பக்கவிளைவே இல்லை': வேலை செய்கிற எந்த மருந்துக்கும் ஏதாவது ஒரு விளைவு உண்டு.
'100 சதவீதம் குணம்': சர்க்கரைக்கு இப்படி விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம்.
'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது': எங்கே, எத்தனை பேரிடம், யார் செய்தது?
'இயற்கையானது': அரளி விதையும் இயற்கைதான்.
'இன்று மட்டும்': நாளைக்கும் அதே விலைதான் இருக்கும். வேண்டுமானால் பாருங்கள்.

35/
நமது சித்த மருத்துவத்தைச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர் இருக்கிறார். அவரிடம் போனால் நாடி பார்ப்பார், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். முகம் தெரியாத நம்பரிலிருந்து கூரியரில் வரும் டப்பா எதையும் கேட்காது. ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. உடம்பு சம்பந்தமாகச் சந்தேகம் என்றால் 104.

36/
நண்பர் எப்படி இருக்கார்னு கேட்பீங்க. பி.பி. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், போன வாரம் 130/84. நகை இன்னும் அடகில்தான். பாக்கி வைத்த வாடிக்கையாளர் பாதி கொடுத்திருக்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் லேப்டாப் திறப்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். முழுசாக நம்பவில்லை. அவர் வார்த்தையை விற்றுப் பிழைப்பவர்.

37/
உங்களிடம் ஒரு உதவி. உங்கள் வீட்டில் அப்பாவோ, அம்மாவோ, மாமியாரோ சுகர் மாத்திரை சாப்பிடுகிறார்களா? இன்று ராத்திரி அந்த மாத்திரை டப்பாவைப் பாருங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தால் சத்தம் போடாதீர்கள். "ஏன் நிறுத்தின?" என்று கேட்டால் சண்டையாகும். பக்கத்தில் உட்கார்ந்து, "எதைப் பார்த்து நிறுத்தினீங்க? எனக்கும் காட்டுங்க" என்று கேளுங்கள். முப்பது செகண்ட்தான், சேர்ந்து பாருங்கள். மறுநாள் காலையில் டப்பாவையும் அவர்களையும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. டோக்கன் எட்டு மணிக்குக் கொடுப்பாங்க.